ஐரோப்பாவில் கிளை பிரியும் ஆறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஆறாக வந்து, ஓரிடத்தில் இரண்டாகி, இரண்டும் தனித்தனி வழியில் போகும் ஆறுகளைப் பற்றி மாணவர்களும் பயணிகளும் வரைபடப் பிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இவற்றில் பல நெதர்லாந்தில் பிரியும் ரைன் ஆற்றைப் பற்றியவை. ஒரு பிரிவை முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அளந்து, வெட்டி, கட்டி, காவல் காத்துவருவது அங்கேதான். நீரின் அளவெல்லாம் வினாடிக்கு இத்தனை கனமீட்டர் என்ற கணக்கில் தரப்பட்டுள்ளது. கன அடியில் பார்த்துப் பழகியவர்கள் 35.3-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

எதையெல்லாம் பிரிவு என்று கணக்கில் எடுத்துக்கொள்வது?

மூன்று வகைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் வகை, தீவைச் சுற்றிக்கொண்டு போய் மறுபடி ஒன்றாகும் கிளைகள். புடாபெஸ்டுக்கு வடக்கே சென்டென்ட்ரே தீவை டான்யூப் இப்படித்தான் சுற்றிக்கொண்டு போகிறது. இரண்டாவது, கழிமுகத்தை நெருங்கும்போது பிரிந்து, தனித்தனி வாய்களில் கடலில் விழும் கிளைகள். ரைன், ரோன், போ, டான்யூப் கழிமுகங்கள் எல்லாம் இந்த வகை. மூன்றாவதுதான் அபூர்வம்: நடுவழியில் பிரிந்த கிளை, வேறொரு ஆற்றின் படுகைக்குள் நுழைந்து அந்த ஆற்றோடு கலப்பது. சுவீடனின் டோர்னே ஆறும் ஜெர்மனியின் ஹாசே ஆறும் இதற்கு உதாரணங்கள்.

முதல் வகையை இங்கே விட்டுவிடுகிறோம். மற்ற இரண்டிலும் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி ஒன்றுதான்: எந்தக் கிளைக்கு எவ்வளவு தண்ணீர்? வரைபடத்தில் இரண்டு கோடுகள் ஒரே தடிமனில் இருக்கும். தரையில் ஒன்று சரக்குக் கப்பல் போகும் ஆறாகவும் இன்னொன்று வாய்க்காலாகவும் இருக்கலாம்.

ஆறுகள் சேர்வது சாதாரணம், பிரிவது ஏன் அரிது?

சேரும் இடத்தில் தண்ணீருக்கு ஒரே வழிதான், அதனால் அந்த இடம் நிலைத்திருக்கும். பிரியும் இடத்தில் இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன. கடலுக்கோ அடுத்த தாழ்வான இடத்துக்கோ எது குறுக்குவழியோ அதில் சரிவு அதிகம். சரிவு அதிகமானால் வேகம் அதிகம், வேகம் கூடினால் அடிமண்ணை அரித்துக்கொண்டு ஆழமாகும், ஆழமானால் இன்னும் கூடுதல் தண்ணீரை இழுக்கும். மற்ற கிளையில் ஓட்டம் மந்தமாகி மணல் படியும், தரை உயரும், வரும் தண்ணீர் இன்னும் குறையும். இப்படியே விட்டால் ஒரு கிளை தூர்ந்துபோய் ஆறு மறுபடி ஒன்றாகிவிடும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. தண்ணீர் பிரியும் விகிதத்தில் மணல் பிரிவதில்லை. ஆற்றின் மேல்மட்ட நீர் வேகமாக ஓடுவதால் நேராகவே போகப் பார்க்கும். அடிமட்ட நீர் மெதுவாக ஓடுவதால் பக்கவாட்டில் சுலபமாகத் திரும்பிவிடும். மணலும் சரளையும் உருண்டு வருவது அந்த அடிமட்டத்தில்தான். ஆகவே பக்கவாட்டில் பிரியும் கிளை தன் பங்குக்கு மீறிய மணலை வாங்கிக்கொள்கிறது. 1926-இல் புல்லே என்பவர் ஆய்வகக் கால்வாயில் செய்த சோதனையில், பாதித் தண்ணீரை வாங்கிய பக்கக் கிளைக்கு அடிமணலில் 90 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. பிரிவுக்குச் சற்று மேலே ஆறு வளைந்திருந்தாலும் இதே கதைதான்: வளைவின் வெளிப்பக்கக் கிளைக்கு ஆழமான, தெளிந்த நீர்; உள்பக்கக் கிளைக்கு மணல்.

ரைன் சரியாக எங்கே பிரிகிறது? எத்தனை கிளைகள்?

ஜெர்மனியிலிருந்து லோபித் என்ற ஊர் அருகே ரைன் நெதர்லாந்துக்குள் நுழைகிறது. சில கிலோமீட்டரிலேயே பன்னர்டன் முனை வருகிறது. இடப்பக்கம் வால் ஆறு, வலப்பக்கம் பன்னர்டன் கால்வாய். அந்தக் கால்வாய் ஆர்ன்ஹெம் நகரை நெருங்கும்போது ஐசல் முனையில் மறுபடி பிரிகிறது: மேற்கே நேடர்ரைன், வடக்கே ஐசல். ஆக இரண்டு முனைகள், மூன்று கிளைகள்.

வால் ஆறு நைமேகன், டீல் ஊர்களைக் கடந்து, பெயர் மாறி மெர்வேட ஆகி, மேலும் பிரிந்து ராட்டர்டாம் பக்கத்துக் கழிமுகத்துக்குப் போகிறது. நேடர்ரைன், வைக் பை டூர்ஸ்டேட என்ற ஊரைத் தாண்டியதும் லெக் என்று பெயர் மாறி, அதுவும் ராட்டர்டாம் பக்கமே போகிறது. ஐசல் மட்டும் வடக்கே திரும்பி ஐசல் ஏரியில் விழுகிறது. நாட்டின் வடபகுதிக்கு அந்த ஏரிதான் நன்னீர்த் தொட்டி. கோடையில் ஐசலில் தண்ணீர் குறைந்தால் வடக்கே வயல்களுக்கும் குடிநீருக்கும் நெருக்கடி என்பது இதனால்தான்.

தண்ணீர் எந்த விகிதத்தில் பிரிகிறது?

பாடப்புத்தகக் கணக்கு எளிது. முதல் முனையில் மூன்றில் இரண்டு பங்கு வாலுக்கு, ஒரு பங்கு பன்னர்டன் கால்வாய்க்கு. இரண்டாவது முனையில் வந்ததில் மூன்றில் இரண்டு நேடர்ரைனுக்கு, ஒன்று ஐசலுக்கு. மொத்தத்தை ஒன்பது பங்காக்கினால் வாலுக்கு 6, நேடர்ரைனுக்கு 2, ஐசலுக்கு 1. லோபித்தில் 9,000 கனமீட்டர் வந்தால் வாலில் 6,000, நேடர்ரைனில் 2,000, ஐசலில் 1,000.

இந்தக் கணக்கை எல்லா நாளுக்கும் போட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. லோபித்தில் சராசரி நீர்வரத்து சுமார் 2,200 கனமீட்டர், அதாவது 77,000 கன அடிக்கும் மேல். அந்த அளவிலும் அதற்குக் கீழேயும் நேடர்ரைனில் டிரீல் என்ற இடத்தில் உள்ள கதவணை விகிதத்தை மாற்றிவிடுகிறது. உதாரணமாக லோபித்தில் 1,300 வரும்போது ஐசலுக்கு ஏறத்தாழ 285, நேடர்ரைனுக்கு 25 முதல் 30 வரை, மீதி 990 அளவில் வாலுக்கு. ஒன்பதில் ஆறு பங்கு என்று போட்டால் வாலுக்கு 867தான் வரும்.

பெருவெள்ளத்திலும் கணக்கு கொஞ்சம் மாறும். 'ஆற்றுக்கு இடம்' என்ற நெதர்லாந்து வெள்ளத்தடுப்புத் திட்டம் இலக்காக வைத்த 16,000 கனமீட்டர் வந்தால் வாலுக்குச் சுமார் 10,160, நேடர்ரைனுக்கு 3,380, ஐசலுக்கு 2,460. ஐசலின் பங்கு 11 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக ஏறிவிடுவதைக் கவனியுங்கள்.

இந்த விகிதம் இயற்கையாக அமைந்ததா?

இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் வால் பெருத்துக்கொண்டே போனது, நேடர்ரைனும் ஐசலும் மணலால் அடைபட்டு வற்றிக்கொண்டிருந்தன. உழவருக்கும் வணிகருக்கும் இது பெரிய தொல்லை. ஆனால் அரசாங்கத்தை உலுக்கியது போர். நேடர்ரைனும் ஐசலும் நாட்டின் அகழிகளாக நம்பப்பட்டவை. 1672 ஜூனில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை, வறண்டு கிடந்த ரைனை லோபித் அருகே கடந்து உள்ளே வந்துவிட்டது.

அதன் பிறகுதான் வாலிலிருந்து நேடர்ரைனுக்குத் தண்ணீர் திருப்பப் பன்னர்டன் கால்வாயை வெட்டினார்கள். 1701-இல் அரணாகத் தொடங்கிய வெட்டு, 1707-இல் தண்ணீர் ஓடும் கால்வாயானது. ஆனால் புதுக் கால்வாய் அகலமாகிக்கொண்டே போனது, கரைகள் தாங்கவில்லை. கிளைகளை அண்டியிருந்த மாகாணங்கள் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. எல்லைக்கு அப்பால் அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் ஆளுகை இருந்ததால் அவர்களும் இதில் ஒரு தரப்பு. நெடிய இழுபறிக்குப் பின் 1771-இல் உடன்பாடு எட்டி, இரண்டு முனைகளையும் சீர்படுத்தும் வேலை நடந்தது. கிறிஸ்டியான் ப்ரூனிங்ஸ் என்ற பொறியாளர் 1790-களின் தொடக்கத்தில் கிளைகளின் ஓட்டத்தைக் கருவி வைத்து அளந்தார். தகராறு இருந்த இடத்தில் எண்கள் வந்தன. இன்று ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட் என்று அறியப்படும் நீர்வழித் துறை 1798-இல் அமைந்தபோது அதன் தலைமைக்கு வந்தவரும் அவர்தான்.

டிரீல் கதவணை எப்படி வேலை செய்கிறது?

ஆர்ன்ஹெமுக்குச் சற்றுக் கீழே, நேடர்ரைனில் 1970-இல் திறக்கப்பட்டது. நெதர்லாந்தின் குழாய்த் திருகு என்று அதைச் சொல்வார்கள், பொருத்தமான பெயர்தான். அரைவட்ட வளைவாக இரண்டு எஃகுக் கதவுகள். திறக்கும்போது தலைக்கவசத்தின் முகமூடியைப் போல மேலே தூக்கிக்கொள்ளும், கப்பல்கள் அடியில் புகுந்து போகும். கதவு இறங்கியிருக்கும்போது பக்கத்திலுள்ள பூட்டுக்கால்வாய் (இரு கதவுகளுக்கு நடுவே நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக் கப்பலைக் கடத்தும் கால்வாய்) வழியாகப் போகவேண்டும். மீன்கள் ஏறிப்போகத் தனிப் பாதையும் உண்டு.

இயக்கும் முறை இது. லோபித்தில் நீர்வரத்து தாராளமாக இருந்தால் கதவுகள் மேலேயே இருக்கும், ஆறு தன் போக்கில் ஓடும். வரத்து சராசரியை ஒட்டி இறங்கும்போது கதவுகளைப் படிப்படியாக இறக்குவார்கள். நேடர்ரைனில் நீர்மட்டம் ஏறி, அந்த ஏற்றம் ஐசல் முனை வரை பின்னோக்கிப் பரவும். போக இடமில்லாத தண்ணீர் ஐசலுக்குத் திரும்பும். ஐசலில் 285 கனமீட்டரைத் தக்கவைப்பது குறிக்கோள். லோபித்தில் 1,300-க்கும் கீழே போய்விட்டால் கதவு முழுவதும் மூடப்பட்டு, நேடர்ரைனில் தண்ணீர் தேங்கி அழுகாமல் இருக்க மட்டும் 25–30 கனமீட்டர் விடப்படும்.

டிரீல் மட்டும் தனியாக நிற்க முடியாது. அதை மூடினால் கீழே உள்ள ஆறு வற்றி, கப்பல் போக ஆழமிருக்காது. அதற்காகவே கீழே ஆமரோங்கன், ஹாகஸ்டைன் என்று மேலும் இரண்டு கதவணைகள், அதே அரைவட்ட வடிவில். மூன்றும் சேர்ந்து நேடர்ரைன்-லெக் ஆற்றைப் படிக்கட்டு மாதிரி நிறுத்தி வைக்கின்றன. ஆக, இந்தக் கதவுகள் நேடர்ரைனுக்கும் ஐசலுக்கும் நடுவே பங்கு போடவே கட்டப்பட்டவை. வாலில் கதவணை எதுவும் கிடையாது.

பெருவெள்ளத்தில் கதவை மூடி ஒரு கிளையைக் காப்பாற்ற முடியாதா?

முடியாது. அவ்வளவு நீரைத் தடுக்க அந்தக் கதவுகள் வடிவமைக்கப்படவில்லை, வெள்ளத்தில் அவை மேலேதான் இருக்கும். அப்போது பங்கைத் தீர்மானிப்பது முனையின் வடிவமும் கிளைகளின் அகலமும் வெள்ளச் சமவெளியில் என்ன இருக்கிறது என்பதும்தான். நுண்ணிய திருத்தத்துக்கு மட்டும் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு அமைப்பு இருக்கிறது: முதல் முனையில் பன்னர்டன் ஒழுங்கி, இரண்டாவதில் ஹொண்ட்ஸ்புரூக்ஸ பிளெய் ஒழுங்கி. வெள்ளம் கரையோரத் தரையில் ஏறும்போது எவ்வளவு உள்ளே போகலாம் என்பதை இவற்றின் திறப்புகள் வரையறுக்கும்.

1995 ஜனவரி கடைசியில் லோபித்தில் 12,000 கனமீட்டரை ஒட்டி வந்தது. கரைகள் உடையவில்லை, ஆனால் ஊறி இளகிய கரைகளை நம்ப முடியாமல் சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். கரையை மேலும் மேலும் உயர்த்துவதற்குப் பதிலாக ஆற்றை அகலமாக்குவது என்ற 'ஆற்றுக்கு இடம்' திட்டம் அதிலிருந்து பிறந்தது. நைமேகனுக்கு எதிர்க்கரையில் லென்ட் பகுதியில் வெள்ளக்கரையை 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளி, பழைய கரைக்கும் புதிய கரைக்கும் நடுவே பக்க ஓடை வெட்டினார்கள். அங்கே வெள்ளமட்டம் 30 சென்டிமீட்டருக்கு மேல் குறையும் என்பது கணக்கு. வீடுகளை இழந்தவர்கள் உண்டு, இது எளிதில் கிடைத்த லாபம் அல்ல.

இங்கேதான் பிரியும் ஆற்றின் தனிச் சிக்கல் வெளிப்படும். ஒரு கிளையை மட்டும் அகலமாக்கினால் அங்கே நீர்மட்டம் தாழும். மட்டம் தாழ்ந்தால் அந்தக் கிளை முனையிலேயே கூடுதல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வாலில் செய்த நல்ல வேலை ஐசலை வறளவைக்கலாம். ஐசலில் செய்தது ஐசல் கரையோர ஊர்களுக்கே வெள்ளத்தைக் கூட்டலாம். அதனால் எந்த வேலையைச் செய்தாலும் மூன்று கிளைகளையும் ஒரே கணக்கு மாதிரிக்குள் சேர்த்து வைத்துக் கணித்து, ஒன்றில் செய்ததை மற்றதில் ஈடுகட்டி, இரு முனைகளிலும் பங்கு நகரவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் மண்ணை வெட்டுகிறார்கள்.

இப்போது அங்கே என்ன கோளாறு?

வாலின் அடித்தரை தாழ்ந்துகொண்டே போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கப்பல் போக்குவரத்துக்காக இரு கரைகளிலும் குறுக்குக் கல்வரிசைகள் போட்டு ஆற்றை நெருக்கினார்கள். நெருக்கிய தண்ணீர் அடியை அரிக்கும். மேலே ஜெர்மனியிலிருந்து வரும் மணலும் குறைந்துவிட்டது, மணல் அள்ளியதும் சேர்ந்துகொண்டது. வாலின் தரை பன்னர்டன் கால்வாயின் தரையைவிட வேகமாகத் தாழ்வதால், வறட்சியில் வாலே கூடுதல் பங்கை இழுத்துக்கொள்கிறது, வடக்கே போகவேண்டியது குறைகிறது. 2018 இலையுதிர்காலத்திலும் 2022 ஆகஸ்டிலும் லோபித்தில் வரத்து 700 கனமீட்டரை ஒட்டி இறங்கியது. அந்த நிலையில் டிரீல் கதவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஐசலில் 285 நிற்காது.

இன்னொரு விளைவைக் கப்பல்காரர்கள் நேரடியாக அனுபவிக்கிறார்கள். நைமேகன் வளைவில் வெளிப்பக்கம் ஆழமாக அரிபடுவதைத் தடுக்க 1980-களில் ஆற்றடியில் கற்பரப்பு போட்டார்கள். சுற்றியிருந்த மணல் தரை அதன்பின் தாழ்ந்துவிட, கற்பரப்பு மட்டும் திட்டாக மேலே நிற்கிறது. வறட்சியில் மொத்த வழித்தடத்திலும் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதை இந்தச் சின்ன இடம்தான் தீர்மானிக்கிறது. மாற்றாக, டீல் அருகே சுமார் 10 கி.மீ. தூரத்துக்குக் குறுக்குக் கல்வரிசைகளை எடுத்துவிட்டு, ஓட்டத்துக்கு இணையாக நீளக் கல்லணைகளை 2015 வாக்கில் அமைத்துப் பார்த்தார்கள். அணைக்கும் கரைக்கும் நடுவே அமைதியான ஓடை கிடைப்பதால் மீன்குஞ்சுகளுக்கு நல்லது, வெள்ளத்திலும் தடங்கல் குறைவு.

ரைன் என்ற பெயரோடே கடலில் விழும் கிளை இல்லையா?

இருக்கிறது, மிகச் சிறியது. வைக் பை டூர்ஸ்டேடவில் வளைந்த ரைன் என்ற ஓடை பிரிந்து உட்ரெக்ட் போகிறது, அங்கிருந்து பழைய ரைன் லெய்டன் வழியாகக் காட்வைக் கடற்கரைக்கு. ரோமர் காலத்தில் இதுதான் முக்கியமான வழி, பேரரசின் எல்லையும் இதை ஒட்டியே ஓடியது. 1122-இல் அதன் தலைப்பில் அணை போட்டு அடைத்தார்கள். மணலால் மூடிப்போன காட்வைக் வாயை 1807-இல் மதகு கட்டித் திறந்தார்கள். இன்று அது வடிகால்.

டான்யூப் கழிமுகத்தில் மூன்று கிளைகளில் எது பெரியது?

வடக்கே உள்ள கிலியா. ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் எல்லை அதுவே. டுல்சியா நகருக்கு மேலே ஆறு முதலில் கிலியா, டுல்சியா என்று பிரிகிறது. நகரைத் தாண்டியதும் டுல்சியா கிளை மறுபடி இரண்டாகி, நடுவே சுலினா, தெற்கே ஸ்ஃபின்டு கியோர்கே. கழிமுகத்துக்கு வரும் சராசரி நீர் சுமார் 6,500 கனமீட்டர். ஏறத்தாழப் பாதியைக் கிலியா எடுத்துக்கொள்கிறது.

பெரிய கிளை ஒன்று, கப்பல் போகும் கிளை வேறொன்று. கிலியா நிறைய வண்டலைக் கொண்டுபோய் வாயில் தனக்கென்று ஒரு குட்டிக் கழிமுகத்தையே கட்டிவைத்திருப்பதால் கடல் கப்பலுக்கு லாயக்கில்லை. 1856 பாரிஸ் உடன்படிக்கையில் உருவான ஐரோப்பிய டான்யூப் ஆணையம், மூன்றிலும் சிறிய சுலினாவைத் தேர்ந்தெடுத்தது. அதன் பொறியாளர் சார்லஸ் ஹார்ட்லி, வாயில் இரண்டு தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார், 1861-இல் முடிந்தது. சுவர்களுக்கு நடுவே நெருங்கிய ஓட்டம் மணல்மேட்டைத் தானே அரித்துக்கொண்டு போனது. பிறகு 1868 முதல் 1902 வரை வளைவுகளை ஒவ்வொன்றாக வெட்டி நேராக்கியதில் கிளையின் நீளம் 20 கி.மீ.க்கு மேல் குறைந்தது. வழி குறுகினால் சரிவு கூடும் என்று மேலே சொன்னோமே, அதேதான் நடந்தது: பத்து சதவீதத்துக்கும் கீழே வாங்கிக்கொண்டிருந்த சுலினா இன்று ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி வாங்குகிறது. கிலியா அதை இழந்தது.

கடலுக்குள் நீண்ட சுவர்களால் கரையோரமாகத் தெற்கே நகரும் மணல் மறிபட்டு, சுலினாவுக்குத் தெற்கே கடற்கரை அரிபடுகிறது. வாய்க்கு வெளியே மணல் மறுபடி படிவதால் தூர்வாரும் வேலையும் ஓய்ந்தபாடில்லை.

டான்யூப் தண்ணீர் ரைனுக்குப் போகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இது பூமிக்கு அடியில் நடக்கும் பிரிவு. தென்ஜெர்மனியில் இம்மெண்டிங்கன், மோரிங்கன் ஊர்களுக்கு இடையே டான்யூப்பின் படுகை விரிசல் விழுந்த சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் அதற்குள் இறங்கி, சுமார் 12 கி.மீ. தெற்கே ஆக் என்ற ஊரில் ஊற்றாகப் பொங்கி, ஆக் ஆறாகி, கான்ஸ்டன்ஸ் ஏரி வழியாக ரைனில் சேர்கிறது. அந்த ஊற்று டான்யூப் படுகையைவிட 170 மீட்டருக்கு மேல் தாழ்வில் இருக்கிறது. கருங்கடலுக்குப் போகவேண்டிய தண்ணீர் வடகடலுக்குப் போவதற்கு அந்தச் சரிவே காரணம்.

1877-இல் அடோல்ஃப் நோப் என்ற நிலவியலாளர் இங்கே உப்பு, எண்ணெய், ஒளிரும் சாயம் மூன்றையும் ஆற்றில் விட்டுப் பார்த்தார். இரண்டரை நாள் அளவில் ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது, தண்ணீரில் உப்பும் எண்ணெயும் தெரிந்தன. சராசரியாக ஆண்டுக்கு 150 நாளுக்கு மேல் டான்யூப் இங்கே முழுவதும் வற்றிவிடும். கீழே டுட்லிங்கன் பக்கம் ஓடுவது அந்த நாட்களில் கிரேயன்பாக், எல்டா என்ற சிற்றாறுகளின் தண்ணீர்தான். இதற்கும் பங்குச் சண்டை உண்டு: அன்றைய ஜெர்மன் மாநிலங்களான வூர்ட்டம்பெர்க்கும் பிரஷ்யாவும் ஒரு பக்கம், பாடன் மறுபக்கம் நின்று 1927-இல் ஜெர்மனியின் அரசு நீதிமன்றம் வரை போனது. இயற்கையாக இறங்குவதை ஏற்கவேண்டும், செயற்கையாக அதைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

மனிதக் கை படாத பிரிவு ஐரோப்பாவில் எங்கே இருக்கிறது?

சுவீடனின் வடகோடியில். யூனோசுவாண்டோ என்ற ஊருக்கு அருகே டோர்னே ஆற்றிலிருந்து டாரெண்டோ ஆறு பிரிந்து, சுமார் 52 கி.மீ. ஓடி, காலிக்ஸ் ஆற்றில் கலக்கிறது. டோர்னேயில் அந்த இடத்துக்கு வரும் தண்ணீரில் பாதிக்கு மேல், சுமார் 56 சதவீதம், இப்படிப் பிரிந்து போகிறது. தென்னமெரிக்காவில் ஒரினோகோவையும் அமேசான் படுகையையும் இணைக்கும் காசிக்கியாரேவுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பெரிய பிரிவு என்று இதைச் சொல்கிறார்கள். மதகு இல்லை, கதவு இல்லை. இரண்டு ஆறுகளும் நீர்மின் அணைகள் கட்டக்கூடாது என்று சுவீடன் சட்டத்தால் காத்துவைத்திருப்பவை.

கடினமான தரையும், இந்த ஆறுகள் சுமந்துவரும் வண்டல் குறைவாக இருப்பதும்தான் இந்தப் பிரிவு தூர்ந்துபோகாமல் நிற்பதற்குக் காரணம். ரைன் முனையில் இத்தனை கட்டுமானம் செய்து காக்கவேண்டியது இங்கே தானாக நிற்கிறது. பார்த்தே தீரவேண்டிய ஒரே ஒரு பிரிவைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம்.

ஜெர்மனியின் ஹாசே ஆற்றுப் பிரிவு?

மெல்லே நகரை அடுத்த கெஸ்மோல்ட் ஊரில். ஹாசே ஆறு அங்கே எல்சே என்ற கிளையை விடுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எல்சேக்கு. ஹாசே மெப்பனில் எம்ஸ் ஆற்றோடும், எல்சே வெர்ரே வழியாக வேசர் ஆற்றோடும் கலக்கின்றன. இரண்டும் வடகடலுக்கே போனாலும் வாய்கள் வேறு. பார்ப்பதற்குச் சிற்றோடைதான், கரைகளும் கட்டப்பட்டவை. ஆனால் பிரிவை முழுவதுமாகக் கண் முன்னால், சில அடி தூரத்தில் வைத்துப் பார்க்க இதைவிட வசதியான இடம் கிடையாது.

ஒரு கிளையை அடைத்தே விட்ட உதாரணம் உண்டா?

போலந்தின் விஸ்துலா. அங்கே எதிரி பனிக்கட்டி. வசந்தத்தில் தெற்கே பனி முதலில் உடைந்து வடக்கே மிதந்து வரும். வடக்கே ஆறு இன்னும் உறைந்திருக்கும். கட்டிகள் அடைத்துக்கொண்டால் பின்னால் வெள்ளம். 1840 பிப்ரவரி முதல் நாளையொட்டி அப்படி அடைத்த ஆறு, டான்ட்சிக் (இன்றைய குடான்ஸ்க்) அருகே மணல்குன்றுகளை உடைத்துக்கொண்டு கடலுக்குப் புது வாய் திறந்தது. தானாக உடைத்ததைப் பார்த்தபின் வெட்டுவதே மேல் என்று முடிவு செய்து, சுமார் 7 கி.மீ. நேர்க்கால்வாய் வெட்டி 1895 மார்ச் 31-இல் திறந்தார்கள். பழைய கிளை பூட்டுக்கதவுகளுக்குப் பின்னால் ஓட்டமில்லாத நீர்நிலையானது, அதற்குச் செத்த விஸ்துலா என்றே பெயர். கிழக்கே பிரிந்த நோகாட் கிளையையும் 1915-இல் கதவு போட்டு ஆற்றிலிருந்து துண்டித்தார்கள். இன்று விஸ்துலாவின் தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் ஒரே வாயில் போகிறது. அந்த வாயில் மணல் குவிந்துகொண்டே இருப்பதால் தடுப்புச் சுவர்களை நீட்டிக்கொண்டே போகவேண்டியிருக்கிறது.

ரோன், போ, ஓடர்?

ரோன், ஆர்ல் நகருக்குச் சற்று மேலே ஃபூர்க் என்ற இடத்தில் பிரிகிறது. பெரிய ரோனுக்குச் சுமார் 90 சதவீதம், சிறிய ரோனுக்கு 10. நடுவே இருப்பதுதான் கமார்க் சதுப்பு.

போ ஆற்றின் இன்றைய கழிமுகம் ஒரு அரசியல் முடிவின் விளைவு. ஆற்றின் வண்டல் தன் காயலை நோக்கி வருவதைக் கண்ட வெனிஸ், 1600 முதல் 1604 வரை போர்ட்டோ விரோவில் கால்வாய் வெட்டி ஆற்றைத் தெற்கே திருப்பியது. வெனிஸின் காயல் தப்பியது. வண்டல் போன பக்கம் நானூறு ஆண்டுகளில் புது நிலமே முளைத்தது. பீலா, டோலே, நோக்கா, கோரோ, மாயிஸ்ட்ரா என்று இப்போது ஐந்து முக்கியக் கிளைகள், பெரும்பங்கு பீலாவுக்கு. ஒவ்வொரு கிளையிலும் ஓட்டம் மெலிந்தால் அதன் வழியாகக் கடல்நீர் மேலேறும். 2022 வறட்சியில் உப்பு ஏறத்தாழ 40 கி.மீ. உள்ளே போய் நெல்வயல்களைக் கெடுத்தது.

ஓடர், விடுகோவா ஊரில் கிழக்கு ஓடர், மேற்கு ஓடர் என்று பிரிகிறது. நடுவே கரிச்சதுப்பு நிலம்.

போலந்தில் இரண்டு ஆறுகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றனவாமே?

வாக்ரோவியெட்ஸ் ஊரில் வெல்னாவும் நீல்பாவும் கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கடக்கின்றன, தண்ணீரும் பெரும்பாலும் கலக்காமல் போகிறது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டு வடிகால் வேலைகளால் ஏற்பட்ட அமைப்பு. அழகான காட்சிதான், ஆனால் பிரிவோடு சேர்த்துப் பேசுவது பொருந்தாது.

நேரில் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

ரைனுக்கு: பன்னர்டன் முனையின் நுனியிலேயே 1869-க்குப் பின் கட்டிய கோட்டை இருக்கிறது. டூர்னன்பர்க் ஊரிலிருந்து சைக்கிளில் போகலாம். வெள்ளக்காலத்தில் சுற்றியுள்ள தரை முழுகும், பாதையும் மூடப்படும். கோடைக்கடைசியில் போனால் கல்வரிசைகள் வெளியே தெரியும், பிரிவின் வடிவம் புரியும். டிரீலில் கதவு இறங்கியிருப்பதைப் பார்க்கவும் அதுவே காலம்.

டான்யூப் இறங்கும் இடத்துக்கு: கோடையின் பிற்பகுதி, இலையுதிர்காலத் தொடக்கம். ஆற்றுப் படுகையின் கூழாங்கல்மேல் நடந்து, கரையோரமாகத் தண்ணீர் சுழித்து இறங்குவதைக் காணலாம். மழைக்குப் பின் போனால் சாதாரண ஆறுதான் தெரியும். ஆக் ஊற்றை அதே நாளில் பார்த்துவிடலாம். அதற்கு மழைக்காலமே சிறப்பு என்பதால் இரண்டையும் ஒரே நாளில் நல்ல நிலையில் பார்ப்பது கடினம்.

டாரெண்டோவுக்கு ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை. கொசுவலையும் பூச்சித் தைலமும் கட்டாயம்.

வரைபடத்தில் பார்த்த ஒரு பிரிவு உண்மையானதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் ஓட்டத்தின் திசை. இரு கோடுகள் கூடும் இடம் சங்கமமா, பிரிவா என்பதைப் படத்தின் வடிவம் மட்டும் சொல்லாது. மூன்று கைகளிலும் தரைமட்ட உயரத்தைப் பாருங்கள்: ஒன்று உயர்ந்தும் இரண்டு தாழ்ந்தும் இருந்தால்தான் பிரிவு. சமவெளியில் உயர வித்தியாசம் சில சென்டிமீட்டரே இருக்கும், இணைய உயரப் படங்களில் மரங்களும் கட்டடங்களும் கணக்கில் கலந்து ஏமாற்றும். அங்கே செயற்கைக்கோள் படத்தில் மணல்திட்டுகளைத் தேடுங்கள். பொதுவாகத் திட்டின் கூரான வால் ஓட்டம் போகும் பக்கம் நீளும்.

அடுத்து, இரண்டு கிளைகளையும் கடைசி வரை பின்தொடருங்கள். சில கிலோமீட்டரில் மறுபடி சேர்ந்துவிட்டால் அது தீவு. ஒரு கிளை நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தால் வெட்டிய கால்வாயாக இருக்கக்கூடும், தலைப்பில் மதகு அல்லது பூட்டுக்கால்வாய் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நோகாட் வரைபடத்தில் இன்றும் கிளை போலத்தான் தெரிகிறது. கதவைக் கண்டுபிடித்தால்தான் அது துண்டிக்கப்பட்டது என்று விளங்கும்.

கடைசியாக, அளவு. பிரிவுக்கு மேலே ஒன்று, கீழே கிளைக்கு ஒன்று என்று நீரளவு நிலையங்கள் இருந்தால், ஒரே நாளின் மூன்று எண்களை எடுத்துக் கூட்டிப்பாருங்கள். இடையில் தண்ணீர் போய்ச்சேர எடுக்கும் நேரத்தைக் கழித்துக்கொள்ளவேண்டும், வெள்ளம் ஏறும் நாளில் இது தவறினால் கூட்டல் ஒத்துவராது. ஒரே ஒரு நாளின் எண்ணோடு நிற்காமல் வெள்ளநாள் ஒன்று, சராசரி நாள் ஒன்று, வறட்சிநாள் ஒன்று என்று மூன்றையாவது எடுங்கள். மூன்றிலும் பங்கு ஒன்றாகவே இருந்தால் அது தன்னிச்சையாகப் பிரிகிறது எனலாம். வறட்சியில் மட்டும் ஒரு கிளையின் பங்கு சட்டென்று விழுந்தால், அந்தக் கிளையின் தரை உயர்ந்திருக்கவேண்டும், இல்லையென்றால் அதில் எங்கோ ஒரு கதவு இறங்கியிருக்கவேண்டும்.